சந்தை நிற்கும் இடத்தை யார் தீர்மானிப்பது?

திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 2021 டிசம்பரில் லூலூ குழுமத்தின் பெருவணிக வளாகம் திறக்கப்பட்டபோது, அது தலைநகரத்துக்கு மட்டுமே உரிய செய்தியாகப் பலருக்கும் தோன்றியது. அதன்பின் 2023 டிசம்பரில் பாலக்காடு, 2024 செப்டம்பரில் கோழிக்கோடு, அதே ஆண்டு டிசம்பரில் கோட்டயம் என்று அக்குழுமம் விரிந்து சென்றது. பெருநகரத்திலிருந்து நடுத்தர நகரத்துக்கு நகர்ந்த பெருமூலதனச் சில்லறை வணிகம், அடுத்த கட்டமாகப் புறநகரையும் நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களையும் நோக்கி நகரும் என்பதை ஊகிக்கப் பொருளாதார மேதை தேவையில்லை. ஒரு நிறுவனத்தின் பெயரால் இதைப் புரிந்துகொள்வதும் போதாது. ரிலையன்ஸ் முதலான பெருங்குழுமங்கள் அனைத்தும் செல்லும் பாதை இதுவே.

அப்படியானால் தலைநகருக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலுள்ள எல்லைக் கிராமங்களில் நாளை என்ன நிகழும்? கழக்கூட்டத்திலிருந்து தொடங்கும் புறவழிச்சாலை, முக்கோலையைக் கடந்து எல்லையோரக் காரோடு வரை வந்துவிட்டது. அங்கிருந்து கன்னியாகுமரி நோக்கிய நான்குவழிச்சாலைப் பணி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக்கிடந்த காலமும் முடிந்துவிட்டது. ஒரே கிடங்கிலிருந்து இரு மாநிலங்களுக்கும் சரக்கு அனுப்புவது இன்று எளிது. குளிரூட்டப்பட்ட உயர்தர மளிகைக் கடைக்கு வேண்டிய சாலை, நிலம், சரக்குவழி ஆகிய மூன்றும் இங்கே ஒன்றுசேர்ந்து வருகின்றன.

ஆகவே, கடை எங்கே திறக்கப்படும் என்ற கேள்வியோடு, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியையும் கட்சித் தோழர்கள் இப்போதே எழுப்ப வேண்டியுள்ளது.

நிறுவனத்தின் வரைபடம்

பெருவணிக நிறுவனம் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையில் மர்மம் எதுவும் இல்லை. கால் மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, அவற்றின் மாத வருமானம் என்ன, வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா, கிடங்கு எவ்வளவு தொலைவில் உள்ளது, வாடகை என்ன என்பவையே அதன் கேள்விகள். இந்தக் கேள்விகளைக் கொண்டு வரையப்படும் வரைபடத்தில் நெய்யாற்றின்கரை நகரமும் புறவழிச்சாலைச் சந்திப்புகளும் பளிச்சென்று தெரியும். பொழியூரின் மீனவர் குடியிருப்பு தெரியாது. வெள்ளறடைப் பகுதியின் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி தெரியமாட்டார். பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளியும் தெரியமாட்டார். பசி எல்லோருக்கும் உண்டு; நிறுவனத்தின் வரைபடத்தில் இடம்பெறுவதோ வாங்கும் சக்தி மட்டுமே.

இதில் தனிமனிதத் தீயெண்ணம் எதுவும் இல்லை. மூலதனத்தின் இயல்பான கணக்கு அது. அந்தக் கணக்கை ஒரு வட்டாரத்தின் உணவு விநியோகம் முழுவதற்கும் அளவுகோலாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

இடைநிலத்துச் சந்தை

சந்தை எங்கே நிற்கிறது என்பதைத் தமிழ் இலக்கியம் கவனமாகவே பதிவு செய்திருக்கிறது. புகார் நகரின் நாளங்காடி, உழைப்போரும் வணிகரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்துக்கும், அரசரும் செல்வரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலிருந்த சோலையில் அமைந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இரு பெருவேந்தரின் படைகளுக்கு இடைப்பட்ட நிலத்தோடு இளங்கோவடிகள் அந்த இடத்தை ஒப்பிடுகிறார். இரு தரப்பாரும் வந்து சேரும் பொது இடமாகச் சந்தை இருந்தது என்பதே இதிலிருந்து பெறத்தக்க செய்தி.

பாறசாலையை அடுத்த களியக்காவிளைச் சந்தையும் அத்தகைய இடைநிலத்தில்தான் நிற்கிறது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஊர்களையும் உறவுகளையும் பிரித்தது. சந்தையை அதனால் பிரிக்க இயலவில்லை. நாகர்கோவில் பக்கத்துக் காய்கறியும், குமரி மாவட்டத்து மட்டி, செந்தொழுவன், நேந்திரன் குலைகளும், தேங்காய்ப்பட்டணத்து மீனும் இந்த வழியாகவே தெற்குக் கேரளத்தின் அடுப்படிகளை அடைகின்றன. பாறசாலைக்காரர் களியக்காவிளைக்கும், களியக்காவிளைக்காரர் பாறசாலைக்கும் நடந்தே சென்று சாமான் வாங்குகின்றனர். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடை அரிசி இதே வழியில் கடத்தப்பட்டுப் பிடிபடும் செய்திகளும் அடிக்கடி வருகின்றன. விலை வேறுபாடு இருக்கும் வரை அந்தக் கள்ளவழியும் இருக்கும் என்பது வேறு செய்தி.

இச்சந்தையில் வாழைக்குலை கொண்டுவரும் சிறு விவசாயி பத்துப் பேரிடம் விலை கேட்க முடியும். பெருநிறுவனத்தின் கொள்முதல் மையத்தில் வாங்குபவர் ஒருவரே. அளவும் நிறமும் தரமும் அவர் வகுத்த விதிப்படி இருக்க வேண்டும். கழிக்கப்பட்ட குலையை எங்கே கொண்டு செல்வது? பழைய சந்தை உயிரோடு இருந்தால் அங்கே கொண்டு செல்லலாம். அது மெலிந்துவிட்டால் கழிக்கப்பட்ட குலை நட்டமாகவே முடியும்.

நுழையும் உரிமை

பழைய சந்தையைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறு. விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்லுவண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றது ஏன்? சாலையும் சந்தையும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடப்பட்டிருந்தன. சந்தைக்குச் செல்லும் உரிமைக்காக அவருடன் நின்றவர்கள் பாலராமபுரம் சாலியர் தெருவில் தாக்குதலைச் சந்தித்துத் திருப்பியடிக்க வேண்டியிருந்தது. இந்த மண்ணில் சந்தையின் கதவு போராடித் திறக்கப்பட்ட கதவு.

எனவே, குளிரூட்டப்பட்ட கடைக்குள் யாரும் யாரையும் சாதி கேட்காமல் பொருளைக் கையால் எடுத்துப் பார்க்கலாம் என்று ஓர் இளைஞர் சொன்னால், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒட்டப்பட்ட விலை, சரியான எடை, தூய்மை ஆகியவற்றை மக்கள் விரும்புவது நியாயமே. பலசரக்குக் கடைக்காரர் எல்லோரும் நல்லவரும் அல்லர்; அங்கே வேலை செய்யும் பையனுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைப்பதும் அரிது. இவற்றை ஒப்புக்கொள்ளாத எதிர்ப்பு மக்களிடம் எடுபடாது.

ஆயினும் சாதி மூடிய கதவைத் திறந்த இடத்தில், பணம் மற்றொரு கதவைப் பொருத்துவதைக் காணாமல் இருக்க முடியாது. நூறுநாள் வேலையின் கூலி தாமதமாகும் மாதத்தில், மீன்பிடித் தடைக்காலத்தில், மழையால் பால்வெட்டு நிற்கும் வாரங்களில், குடும்பத்தைக் காப்பது தெருமுனைக் கடையின் பற்று நோட்டுப் புத்தகம். அரைக்கிலோ அரிசி, நூறு மில்லி எண்ணெய், இரண்டு முட்டை என்று வாங்கும் வழி அங்கே உண்டு. பெருங்கடையில் பற்று இல்லை. அங்குள்ள சலுகை விலையும் மொத்தமாக வாங்கி வண்டியில் ஏற்றிச் செல்வோருக்கே பயன்படுகிறது.

பெருங்கடைகளின் அருகிலிருந்த சிறுகடைகளின் விற்பனையும் லாபமும் தொடக்க ஆண்டுகளில் குறைந்தன என்பதை, ஒன்றிய அரசு கேட்டு இக்ரியர் நிறுவனம் 2008இல் அளித்த ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. காலப்போக்கில் பாதிப்பு தணியும் என்றும் அது கூறியது. கைமுதல் இல்லாத கடைக்காரர் அந்தக் காலம் வரும்வரை தாக்குப்பிடிப்பாரா என்பதே கேள்வி.

சிக்காகோ நகரத்தின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் எங்கிள்வுட் பகுதியில் நல்ல மளிகைக் கடை இல்லை என்ற குறையைப் போக்க, 1 கோடி டாலருக்கு மேற்பட்ட நகராட்சி நிதியுதவியுடன் ஒரு வணிக வளாகம் எழுப்பப்பட்டது. ஹோல் ஃபுட்ஸ் என்னும் உயர்தர மளிகை நிறுவனம் 2016இல் அங்கே கடை திறந்தது. மறு ஆண்டு அந்நிறுவனத்தை அமேசான் வாங்கியது. 2022 நவம்பரில் கடை மூடப்பட்டது. பொதுப்பணத்தின் துணையோடு வந்த கடை நிறுவனத்தின் கணக்குக்கு ஒத்துவராதபோது போய்விட்டது. அது வருவதையும் போவதையும் அப்பகுதி மக்கள் தீர்மானிக்கவில்லை.

சட்டத்துக்கு இயலாதது அல்ல

கடை எங்கே திறப்பது என்பது உரிமையாளரின் விருப்பம், அதில் அரசு தலையிட முடியாது என்பது ஒரு கட்டுக்கதை. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மன்மோகன் சிங் அரசு அனுமதித்தபோது, நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பின் நடுவே சில நிபந்தனைகளையும் விதிக்க வேண்டிவந்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே கடை திறக்கலாம்; மாநில அரசின் இசைவும் வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். மக்கள்தொகை நிபந்தனை மறு ஆண்டே தளர்த்தப்பட்டது. இந்தியப் பெருமுதலாளிகளுக்கோ அத்தகைய எந்த வரம்பும் விதிக்கப்படவேயில்லை. பிரான்சு என்னும் முதலாளித்துவ நாடே 1973இல் ராயேர் சட்டத்தின் வழியாக, குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட கடைகளுக்கு உள்ளூர் ஆணையத்தின் அனுமதியைக் கட்டாயமாக்கியது.

கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி உரிமம் வழங்கும் பொறுப்பு உண்டு, கிராமசபை உண்டு, மக்கள் திட்டமிடலின் மரபு உண்டு. பெருங்கடைக்கு அனுமதி கோரும் விண்ணப்பம் வரும்போது, கட்டடத்தின் அளவையும் தீயணைப்பு வசதியையும் மட்டும் பார்த்தால் போதுமா? சுற்றிலும் எத்தனை சிறுகடைகள் உள்ளன, உள்ளூர் விளைச்சலில் எவ்வளவு கொள்முதல் செய்யப்படும், வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்பவை கிராமசபையில் பேசப்பட வேண்டாமா?

பொதுக்கடையின் வெற்று அலமாரி

எதிர்ப்பு மட்டும் மாற்றாகிவிடாது. தேவையை அளவுகோலாகக் கொண்டு கடைக்கு இடம் தேர்ந்தெடுக்க முடியும் என்பதைக் கேரளம் முன்பே செய்துகாட்டியது. 1974இல் சப்ளைகோ தொடங்கப்பட்டது. மாவேலிக் கடைகளின் சிற்பியாக முன்னாள் உணவு அமைச்சர் இ. சந்திரசேகரன் நாயரைக் கேரள மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். நிறுவனத்தின் வரைபடத்தில் தெரியாத கிராமங்களுக்கும் அக்கடைகள் சென்றன. அவை விற்ற விலை, பக்கத்திலிருந்த தனியார் கடையின் விலையையும் கட்டுக்குள் வைத்தது.

ஆனால் 2023இல் வழங்குநர்களுக்குத் தர வேண்டிய பாக்கி பெருகி, பல சப்ளைகோ கடைகளின் அலமாரிகள் காலியாகக் கிடந்ததை மறைப்பதில் பயனில்லை. 2016 முதல் மாறாமலிருந்த 13 இன்றியமையாப் பொருள்களின் விலை 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. சந்தை விலையிலிருந்து ஏறத்தாழ 55 சதவீதமாக இருந்த கழிவு 35 சதவீதமாகச் சுருங்கியது. ஒன்றிய அரசு கடன் வரம்பை நெருக்கியதும், அதற்கெதிராகக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சென்றதும் உண்மை. ஆயினும் வெற்று அலமாரியின் முன் நிற்கும் தாய்க்கு அந்த விளக்கம் பருப்பாகாது. பொதுக்கடையில் பொருள் இல்லாத ஒவ்வொரு நாளும் தனியார் பெருங்கடைக்குச் செலவில்லாத விளம்பரம்.

நியூயார்க்கில் 2025 நவம்பரில் மேயராகத் தேர்வான சோரான் மம்தானி, நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் நகராட்சியே நடத்தும் மளிகைக் கடை ஒவ்வொன்று வேண்டும் என்று கூறி வாக்குக் கேட்டார். உலக மூலதனத்தின் தலைநகரில் புதுமையாகப் பேசப்படும் இந்த யோசனை, கேரளத்தில் அரை நூற்றாண்டு வயதுடையது. கையிலிருப்பதைக் கைநழுவ விடுவது அறிவுடைமை ஆகாது.

தோழர்களின் கடமைகள்

முதலாவதாக, எல்லைக் கிராமங்களின் மாவேலி, திரிவேணிக் கடைகளில் பொருள் இருப்பை மாதந்தோறும் கண்காணித்து, குறை இருந்தால் யாருடைய ஆட்சி என்று பாராமல் குரல் எழுப்ப வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் குடும்பஸ்ரீ குழுக்களும் சிறு கடைக்காரர்களும் சேர்ந்து மொத்தக் கொள்முதல் செய்தால், சிறுகடையும் குறைந்த விலைக்கு விற்க இயலும். பற்று நோட்டின் மனிதநேயத்தையும் ஒட்டிய விலையின் நேர்மையையும் ஒரே கடையில் சேர்க்க முடியும்.

இரண்டாவதாக, பெருங்கடை வந்தால் அதில் வேலைக்குச் செல்வோர் இக்கிராமத்துப் பெண்களே. நாள் முழுவதும் நின்றே விற்பனை செய்த பெண்கள் கோழிக்கோட்டிலும் திருச்சூரிலும் போராடியதால்தான் 2018இல் கேரளச் சட்டம் திருத்தப்பட்டு, அமரும் உரிமை கிடைத்தது. தமிழ்நாடும் 2021இல் அதைப் பின்பற்றியது. எல்லையின் இரு புறமும் இன்று அந்த உரிமை சட்டத்தில் உண்டு. அதைக் கடைக்குள் கொண்டுசேர்ப்பது சங்கத்தின் வேலை. கடையை எதிர்த்தோம் என்பதற்காக அதன் ஊழியரிடமிருந்து விலகி நிற்கக் கூடாது.

மூன்றாவதாக, களியக்காவிளையின் விவசாயியும் பாறசாலையின் நுகர்வோரும் ஒரே சந்தையின் இரு முனைகள். இரு மாநிலத் தோழர்களும் இதை இரு தனிப் பிரச்சினைகளாகக் கருதாமல், வட்டார அளவில் கூடிப் பேசித் திட்டமிட வேண்டும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை அளித்திருக்கிறது. பெருங்கடைக்கான அனுமதி பற்றிய கோரிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுக்க எவரும் தயங்க வேண்டியதில்லை.

சாலை வந்துவிட்டது; கடையும் வரக்கூடும். அது வருவதற்கு முன்பே கிராமசபையில் இந்தக் கேள்விகள் பதிவாகியிருக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டியபின் தொடங்கும் விவாதம் பெரும்பாலும் நட்ட ஈட்டுப் பேரத்தோடு முடிந்துவிடும்.