கம்ப்யூட்டருக்கும் வரும் கோமாரி!

கேள்வி: ‘‘இரண்டரை ஏக்கரில் வேர்க்கடலையும் தென்னையும் இருக்கின்றன. நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். என் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டு, ஆம்பூர் கம்பெனிகளுக்கு ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறார். பால் கணக்கு, தையல் கூலிக் கணக்கு, பட்டா, சிட்டா நகல் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். பிளஸ் டூ படிக்கும் மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை இலவசமாகக் கிடைக்கிறது என்று இறக்கினான். மறுநாள் எந்த ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்துகள். ‘980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 டாலர்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கம்ப்யூட்டர் கடைக்காரர், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார். போன வருடம் இறந்த என் அப்பா பேசிய வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. பணம் கட்டிவிடலாமா?’’
- வாசகர் ஒருவர், குடியாத்தம்.

பதில்: பணம் கட்டாதீர்கள். கம்ப்யூட்டரை அழிக்கவும் சம்மதிக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரைத் தாக்கியிருப்பதன் பெயர் ரேன்சம்வேர். திருடன் வீட்டுக்குள் வந்து பொருளை எடுத்துப் போகாமல், பீரோவுக்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவிக்கு விலை கேட்பது போன்றது. ஃபைல்கள் உங்களிடமே இருக்கின்றன. திறக்கும் சாவிதான் அவனிடம் இருக்கிறது. தொகை, கெடு, நான்கு எழுத்து இவற்றைப் பார்த்தால் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியு’ என்று சொல்லப்படும் வகையாகத் தெரிகிறது. உலகம் முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கிய வகை இது. திருட்டு சாஃப்ட்வேரோடு சேர்ந்துதான் பெரும்பாலும் வரும்.

கொட்டகையில் ஒரு மாட்டுக்குக் கோமாரி கண்டால் முதலில் என்ன செய்வோம்? அதைப் பிரித்துக் கட்டுவோம். இங்கேயும் அதுதான் முதல் வேலை. நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எது செருகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஃபைல்களின் பெயர் இன்னும் மாறிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள்.

அடுத்து, அந்த மிரட்டல் கடிதத்தையும் நான்கு எழுத்துகளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு விவரம் தெரிந்தவரை வைத்து, பூட்டப்பட்ட ஃபைல்களையும் கடிதத்தையும் அப்படியே ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ‘திறக்காத ஃபைலை வைத்து என்ன செய்ய?’ என்று தோன்றும். சாவி பிறகு கிடைக்கலாம். ‘ஷேட்’ என்ற இன்னொரு ரேன்சம்வேரைப் பரப்பிய கும்பல், 2020 ஏப்ரலில் தொழிலை மூடிவிட்டு ஏழரை லட்சம் சாவிகளைத் தானே வெளியிட்டது. பூட்டிய ஃபைலை வைத்திருந்தவர்களுக்கு அது உதவியது. அழித்தவர்களுக்கு அந்தச் சாவியால் பயன் இல்லை.

சாவி தேட நம்பகமான இடம் ‘நோ மோர் ரேன்சம்’ என்ற இணையதளம். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கியது. கட்டணம் கிடையாது. பூட்டிய ஃபைல் இரண்டையும் மிரட்டல் கடிதத்தையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினால், எந்த வகை, மருந்து உண்டா என்று சொல்லும். சொந்த விவரம் இல்லாத ஃபைல்களாகப் பார்த்து ஏற்றுங்கள்.

மருந்து எல்லோருக்கும் கிடைத்துவிடாது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம், இந்த டிஜேவியு-வின் 148 வகைகளுக்கு இலவச மாற்று மருந்து வெளியிட்டது. அதன்பின் வந்த வகைகளில், பூட்டும் நேரத்தில் திருடனின் சர்வரோடு தொடர்பு கிடைத்திருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. அதைத் திறக்க இப்போதைக்கு வழியில்லை. தொடர்பு கிடைக்காமல் இருந்திருந்தால் பலருக்கும் ஒரே பொதுச் சாவி. அந்தச் சாவி தெரிய வந்திருந்தால் உங்கள் ஃபைலும் திறக்கும். உங்களுடையது எது என்பது சோதித்தால்தான் தெரியும்.

அப்பாவின் வீடியோக்களுக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு. இந்த வகை, ஒவ்வொரு ஃபைலிலும் ஆரம்பத்தில் சுமார் 150 கேபி அளவை மட்டும்தான் பூட்டுகிறது. கணக்கு எழுதிய சிறிய ஃபைல் என்றால் அதுவே முழுதும் போய்விடும். வீடியோ ஃபைல் பெரியது, மீதிப் பகுதி கெடாமல் இருக்கும். அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, கெட்ட வீடியோவைச் சரிசெய்யும் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ‘மீடியா ரிப்பேர்’ என்பது இதற்கென்றே வந்தது. நகலில் மட்டும் முயன்று பாருங்கள். உறவினர்களின் வாட்ஸ்அப்பிலும் தேடச் சொல்லுங்கள். படங்கள் பாதிக்கு மேல் அங்கேயே கிடைக்கக்கூடும்.

பட்டா, சிட்டா பற்றிக் கவலையே வேண்டாம். உங்களிடம் இருந்தது நகல். மூலம் அரசிடம் இருக்கிறது. தமிழக அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டாவையும், பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கத்தையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பால் கணக்குக்குச் சங்கத்தின் பதிவேடு இருக்கிறது. தையல் கூலிக்கு, சரக்கு போய் வந்த சலான்களையும் பேங்க் பாஸ்புக்கையும் வைத்துக் கணக்கை மீண்டும் எழுதலாம். பட்டியல் போட்டுப் பாருங்கள். நிஜமாக இழந்தது, பயந்த அளவுக்கு இருக்காது.

ஏன் பணம் கட்ட வேண்டாம் என்கிறேன்? இன்றைய மதிப்பில் 490 டாலர் என்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து காட்டுவார்கள். சந்தையில் மடி கனக்க மாட்டைக் காட்டுவது போன்ற வேலை அது. பணம் போனபின் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ‘நாங்கள் மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்’ என்று வருகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்று மாலைக்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வகையோடு, பாஸ்வேர்டு திருடும் புரோகிராமும் சேர்ந்து வருவது வழக்கம். எனவே வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ இருந்து, இமெயில், நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். பேங்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போகாவிட்டாலும் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் பதிவு செய்யுங்கள்.

மகனை அதிகம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் பலமும் பண பலமும் உள்ள இடங்களே இதில் சிக்கியிருக்கின்றன. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ பரவியபோது, கேரளாவில் வயநாடு தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும், திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் முடங்கின. அதைத் தடுக்கும் விண்டோஸ் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத் துறைக் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் ஒரு நிறுவனத்தை ரேன்சம்வேர் தாக்க, நாடு முழுக்க சுமார் 300 கூட்டுறவு, கிராமிய வங்கிகளில் பணப் பரிமாற்றம் தடைபட்டது. நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவது போலத்தான், அந்த நிறுவனத்தின் இணைப்பைப் பொதுப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்துச் சமாளித்தார்கள்.

கோமாரிக்கு வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட, முன்கூட்டித் தடுப்பூசி போடுவதே மேல். கம்ப்யூட்டருக்கும் அப்படியே. நகல் எடுத்து முடித்ததும், கடைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அப்டேட்டை நிறுத்தாதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை, எந்த சாஃப்ட்வேர் கேட்டாலும் அணைக்காதீர்கள். கணக்கு எழுத ‘லிப்ரே ஆபீஸ்’ முறையாகவே இலவசமாகக் கிடைக்கும்போது, திருட்டு சாஃப்ட்வேர் எதற்கு?

கடைசியாக ஒன்று. விதைக்கடலை மொத்தத்தையும் ஒரே மூட்டையில் போட்டு ஒரே மூலையில் வைக்க மாட்டோம். அதுபோல ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் நகல் எடுங்கள். அமாவாசை தோறும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அந்தப் பொறுப்பை உங்கள் மகனிடமே கொடுங்கள். பட்ட பிறகு அவன்தான் அதிகக் கவனமாக இருப்பான்.