நிமிடக் கணக்கைக் காட்டுக!

கரைவாகுப்பற்றிலே மேடையேறும் அரசியலாருக்கு வைத்தியசாலை என்றாற் கட்டடம். கட்டடம் என்றாற் பெயர்ப்பலகை. மாரடைப்பினாற் துடிக்கும் மீனவனுக்கோ வைத்தியசாலை என்பது நிமிடம்.

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி உறைகட்டியால் அடைபட்டதும் தசை சாகத் தொடங்குகிறது. கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து புதுமையன்று. 1986இல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட நோயாளரிடம் நடந்த ஆய்வு அதன் பயனை நிலைநாட்டிற்று. முதல் மணித்தியாலத்துள் அதனைப் பெற்றோரே மிகுதியாகப் பிழைத்தனர்.

“நாடிக்குள் கம்பி செலுத்தி அடைப்பை நீக்கும் பெரிய கூடம் வரட்டும், அதுவரை பொறுப்போம்” என்பார் உளர். அம்முறை சிறந்ததே, நாம் மறுக்கவில்லை. ஆயின் இரண்டு மணித்தியாலத்துள் அதனைச் செய்ய இயலாவிடின், தகுந்த நோயாளிக்குக் கரைப்பு மருந்தை முதலில் ஏற்றிப் பின்னர் அனுப்புக என்பதே உலக மருத்துவர் விதி. மருந்தேற்றாமல் ஊர்விட்டு ஊர் அனுப்புவது சிகிச்சையா? பொறுப்பைக் கைமாற்றுவதன்றோ!

தமிழ்நாட்டில் சிற்றூர் ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்து நடத்திய முயற்சியில், ஓராண்டு மரண வீதம் 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்ததென 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2023 முதல் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அஸ்பிரின் உள்ளிட்ட 14 மாத்திரைகளை உடனே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் தொடங்கிற்று. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலாது? நமக்கு இலவச வைத்தியம் உண்டு. 1990ஐ அழைத்தாற் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும்.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, வடக்கு ஆதார வைத்தியசாலை மற்றொன்று. இரண்டையும் இனத் தராசில் நிறுப்போருக்கு ஒன்று கூறுவோம்: அடைபட்ட நாடி எந்தப் பிரதேச செயலகத்துக்கும் உரியதன்று.

நெஞ்சு நோவை ‘வாய்வு’ என்று சோடா பருகிச் சுபஹு வரை காத்திருப்போரும் நம்மிடையே உளர். அவர்களைப் பழிப்பது எளிது. சென்றால் உடனே கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியவர் யார்?

ஆகவே நாம் கோருவது கட்டடமன்று. நோயாளி வந்த நேரம், இ.சி.ஜி. எடுத்த நேரம், மருந்தேற்றிய நேரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வைத்தியசாலையும் மாதந்தோறும் வாசலில் எழுதி ஒட்டட்டும். இ.சி.ஜி.க்குப் பத்து நிமிடம், மருந்துக்கு முப்பது நிமிடம். மிஞ்சினால் விளக்கம் வேண்டும். பொத்துவிலில் நள்ளிரவிற் பணிபுரியும் இளம் வைத்தியர், இ.சி.ஜி. படத்தைக் கைபேசியில் அனுப்பி, நிபுணரின் சொற்பெற்று, அங்கேயே மருந்தேற்றுவதற்கு எழுத்துமூல அதிகாரம் தருக. மருந்து அவர் அலமாரியில் இருக்கட்டும். அலமாரியின் சாவியும் அவர் கையில் இருக்கட்டும்.