பிலிமுக்காக அழவேண்டுமா?

பிலிமை டிஜிற்றல் கமரா கொன்றுவிட்டது எண்டு சொல்லுவினம். ஆனால் முதலாவது டிஜிற்றல் கமராவை 1975இல் செய்தவர், பிலிம் விற்ற கொடக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன்தான். ஒரு படத்தை கசெற்றில் பதிய 23 செக்கன் எடுத்தது. பிலிம் வருமானத்தை விட மனமில்லாத கொடக், 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

வென்ற டிஜிற்றல் கமராவும் நிலைக்கவில்லை. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் 12 கோடிக்கு மேல் சந்தைக்குப் போனவை 2021இல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டன. போன் விழுங்கிவிட்டது.

பிலிமுக்காக நாங்கள் அழத் தேவையில்லை. ரோல் 36 படத்தோடு முடிந்துவிடும். கழுவக் காசும் வேணும். எல்லாற்ற கையிலும் கமராவைத் தந்தது போன்தான்.

ஆனால் ஒன்றை இழந்துவிட்டோம். அப்போது எடுத்த படம் கையில் பிடிக்கிற படமாக வந்தது. அம்மாமாரின் கலியாண அல்பங்கள் இன்னும் அலுமாரியில் கிடக்கு. எங்கட போனில் நாலாயிரம் படம், போன் துலைஞ்சால்? வருசத்துக்கு 36 படத்தையாவது தெரிவுசெய்து பிரிண்ட் போட்டு வைப்பம்.