களைத்தால் உட்காருங்கள்



சீனி, பிரஷர் என்று கிளினிக்குக்குப் போனால், மருந்துத் துண்டோடு வைத்தியர் சொல்லியனுப்பும் ஒரு வார்த்தை உண்டு: "தினமும் நடவுங்கள்." நல்ல வார்த்தை. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு 30 நிமிடம் சற்று வேகமாக நடப்பது இதயத்துக்குப் பலம். சீனியையும் பிரஷரையும் கட்டுப்பாட்டில் வைக்கவும் உதவும். ஆனால் எப்படி நடப்பது, எப்போது நிறுத்துவது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

எனது ராத்தா ஸுப்ஹுக்குப் பின் நடந்து வந்தார். மேட்டில் ஏறும்போது நெஞ்சை இறுக்கும், நின்றால் விட்டுவிடும். "வாய்வு" என்று இஞ்சி அவித்துக் குடித்தார். மகளின் கல்யாணம் நெருங்கியிருந்ததால் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை பாதையோரத்திலேயே சரிந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. நடந்ததில் பிழையில்லை, சொல்லாமல் மறைத்ததுதான் பிழை.

பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். அன்னை ஸைனப் (ரழி) அவர்கள் தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்ளும் கயிறு அது என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடச் சொன்ன நபியவர்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழுது, களைத்தால் உட்காரும்படி பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே உடலை வருத்த வேண்டாம் என்றால், நடையில் ஏன் அந்தப் பிடிவாதம்?

பல காலம் நடக்காதிருந்தவர் முதல் நாளே அரை மணி நேரம் நடக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். இதய வருத்தம், நீண்ட நாள் சீனி வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடவுங்கள். முடிக்கும்போதும் அப்படியே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். சடுதியாக நின்றால் இரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றலாம். சரியான வேகம் எது? பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும். ஒரு ஸலவாத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், வேகம் கூடிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சீனிக்கு மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கையில் இரண்டு டொபியாவது இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். செருப்பை விடச் சப்பாத்து நல்லது. வீடு வந்ததும் பாதங்களில் காயம் உண்டா என்று பாருங்கள். நோன்பு காலத்தில் பகல் வெயிலில் நடக்காமல், நோன்பு திறந்து சற்று நேரம் சென்றபின் நடவுங்கள்.

விடியுமுன் இருட்டில் கறுப்பு ஹபாயா சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. மேலே வெளிர் நிறத்தில் ஒரு சால்வையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹபாயாவின் விளிம்பு காலில் தடுக்காமல் இருக்கட்டும். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நம் நாட்டில், நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. தனியே போகாமல் துணையோடு போங்கள்.

இனி, மிக முக்கியமானது. நெஞ்சு இறுகுதல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ இடது கையிலோ வலி, வழமையில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி வருவது போன்ற உணர்வு, மயக்கம் — இவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்துங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும். உட்கார்ந்ததும் விட்டுவிட்டால், அன்றே வைத்தியரிடம் போங்கள். சில நிமிடங்களில் விடாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவோ மனைவியோ "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்றால், "உனக்கு எப்போதும் ஏதாவது வருத்தம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லும் வீட்டில்தான் பெண்கள் வலியை மறைக்கப் பழகுகிறார்கள்.

சகோதரிகளே, உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் வலியைச் சொல்வது வெட்கமுமல்ல, பொறுமையின்மையுமல்ல. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.