இறுகிய நிலத்தில் உளி இறங்கட்டும்: மானாவாரி உழவர்களின் கோரிக்கைச் சாசனம்

செவல் நிலத்தில் மழையை நம்பி நிலக்கடலையும் துவரையும் சிறுதானியமும் விதைக்கும் நாங்கள், மாவட்ட ஆட்சியர்களுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததாலும், களியும் இரும்பு ஆக்சைடும் கீழிறங்கிக் கெட்டிப்பட்டதாலும், எங்கள் வயல்களில் ஏறத்தாழ ஒரு சாணுக்குக் கீழே மண் இறுகிக் கிடக்கிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது; வேர் அந்த அடுக்கில் முட்டி மடங்குகிறது. உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஆழமாக நெடுக்கும் குறுக்கும் கிழிக்க வேண்டும், 2–3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அது எங்கள் வயலுக்கு வந்துசேர ஏன் இத்தனை காலம்?

ஒவ்வொரு வட்டார வாடகை மையத்திலும் சிறிய டிராக்டரும் அதற்கேற்ற ஒற்றை உளிக்கலப்பையும் இருக்க வேண்டும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்தான். பெரிய டிராக்டர் எங்கள் வண்டிப்பாதையில் நுழைவதே பாடு. வரப்போரம் திரும்ப இடமும் இல்லை.

வாடகையை மணிக்கணக்கில் அல்ல, ஏக்கர் கணக்கில் வாங்க வேண்டும். சிறிய டிராக்டர் ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்துக்கு இழுக்காது. முதல் சாலில் பாதி ஆழம், அதே தடத்தில் மறு சாலில் மீதி ஆழம் என்று மெதுவாகத்தான் போக முடியும். அந்தத் தாமதத்துக்கான செலவைச் சிறு உழவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. குத்தகைக்கு உழுவோருக்கும், பட்டா தம் பேரில் இல்லாத பெண்களுக்கும் இதே வாடகைதான் இருக்க வேண்டும்.

கருவி பங்குனிக்குள் வயலில் இறங்க வேண்டும். எல்லாக் கோரிக்கைகளிலும் அவசரமானது இதுதான். மண் காய்ந்திருக்கும்போது கிழித்தால்தான் இறுகிய அடுக்கு விரிசல்விட்டு நொறுங்கும். ஈரத்தில் இறக்கினால் உளி வெறும் கோடு போட்டுவிட்டுப் போகும். சக்கரம் மண்ணை மேலும் அமுக்கும். கோடைமழைக்குப் பிறகு வரும் கருவியால் அந்த ஆண்டு எங்களுக்குப் பயனில்லை.

மண்வள அட்டையில் இறுகிய அடுக்கின் ஆழத்தையும் எழுத வேண்டும். இப்போது அதில் உள்ள 12 அளவுகளில் மண்ணின் இறுக்கம் இல்லை. வயலில் ஒரு குழி வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் செய்தி இது. அடுக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உளியை இறக்கினால் டீசல்தான் வீணாகும்.

ஓட்டுநர்களுக்கு வயலிலேயே பயிற்சி தர வேண்டும். உளி அடுக்குக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். திரும்பும்முன் அதைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கலப்பையின் தண்டு வளைந்து கருவி பட்டறையில் கிடக்கும். சரளை மண்ணில் உளிமுனை சீக்கிரம் தேயும் என்பதால், மாற்று முனைகளை மையத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

கிழித்த நிலத்துக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் தேவை. மாடு இல்லாத வீடுகளுக்கு மக்கிய தென்னைநார்க் கழிவை மானிய விலையில் தர வேண்டும்.

மாசி மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஒவ்வொரு கோரிக்கையும் எந்தத் தேதிக்குள் நிறைவேறும் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அதைப் பெற்றுக்கொள்ள நாங்கள் அங்கே வருவோம்.