விற்பனை என்று சொல்லாத விற்பனை

வடசென்னை டோல்கேட்டில், துறைமுகத்துக்குப் போகக் காத்துநிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி படிந்த டெலிபோன் பில்லர் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்ட் போனைக் காதோடு அணைத்தபடி, நூற்றுக்கணக்கான செப்புக்கம்பி ஜோடிகளுக்குள் செத்துப்போன ஒரு ஜோடியைத் தேடும் லைன்மேனை முன்பெல்லாம் அடிக்கடி காணலாம்; எந்தச் சந்தின் அடியில் எந்தக் கேபிள் திரும்புகிறது என்ற விவரமெல்லாம் அவர் சிரசிலேயே இருந்தது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி, பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,569 பேர், ஏறத்தாழப் பாதிப் பேர், விருப்ப ஓய்வின் பெயரில் ஒரே நாளில் படியிறங்கினார்கள்.

நிறுவனத்தை விற்கும் உத்தேசமில்லை என்று மத்திய சர்க்கார் சொல்லிவருகிறது. அதை நம்பவே விரும்புகிறோம். ஆயினும், 2000 அக்டோபர் முதல் தேதியன்று இலாகாவைக் கம்பெனியாக மாற்றி, பிறகு ஆட்களைப் பாதியாகக் குறைத்து, 2021-இல் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். கோபுரங்கள் 14,917-ஐத் தனியாருக்கு விடத்தக்க சொத்துகளின் ஜாபிதாவில் சேர்த்து, நிலங்களையும் ஒவ்வொன்றாக ஏலத்துக்குக் கொண்டுவந்தால், கடைசியில் மிஞ்சுவது பெயர்ப்பலகைதானே? இந்தச் சில்லறை விற்பனையை நாம் வன்மையாக ஆட்சேபிக்கிறோம்.

மொத்த விற்பனையின் லட்சணத்தை அறிய வெகுதூரம் போகவேண்டாம். 1995-இல் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்த சர்க்கார் நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாமின் 25 சதவீதப் பங்கையும் நிர்வாகத்தையும் 2002 பிப்ரவரியில் டாட்டா குழுமம் 1,439 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று; சில மாதங்களுக்குள்ளேயே 1,200 கோடியை டாட்டாவின் இன்னொரு தொலைபேசிக் கம்பெனியில் முதலீடு செய்ய அதன் நிர்வாகக் குழு தீர்மானித்தபோது டில்லியில் பெரும் சர்ச்சை எழுந்தது. செங்குன்றத்தை அடுத்த பாடியநல்லூரிலும், புனே, கல்கத்தா, டில்லியிலும் இருந்த எழுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட உபரி நிலம் விற்பனையில் சேராதது என்று ஒப்பந்தம் இருந்தும், அதைப் பிரித்து வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்து முடிக்க 2019 ஆயிற்று. நம் வாசலுக்குப் பக்கத்து நிலத்தின் கணக்குத் தீரவே பதினேழு வருஷம்!

நஷ்டத்தில் நடந்த ஸ்தாபனத்தை ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. லைன் செத்து வாரக்கணக்கில் காத்துக்கிடந்த சந்தாதாரரின் கோபமும் நியாயமானதே. ஆனால், ஜியோ 2016-இலேயே 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டிருக்க, சர்க்கார் தன் சொந்த நிறுவனத்துக்கு அந்த அலைக்கற்றையைத் தரத் தீர்மானித்தது 2019 அக்டோபரில். கருவிகளுக்கான டெண்டர் 2020-இல் ரத்தாயிற்று. சுதேசி 4ஜி முறைப்படி தொடங்கியதோ 2025 செப்டம்பரில். காலைக் கட்டிப்போட்டுவிட்டுப் பின்தங்கினான் என்று பழிப்பது தர்மமல்ல. அத்தனைக்கும் நடுவிலும், 2024-25-இன் மூன்றாம் காலாண்டில் பி.எஸ்.என்.எல். 262 கோடி ரூபாய் லாபம் காட்டியது. 2007-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

வண்டிகளிடம் சுங்கம் வசூலித்த இடம் என்பதாலேயே நம் பேட்டைக்கு டோல்கேட் என்ற பெயர் நிலைத்தது. வேறு பாதை இல்லையென்றால் சுங்கக்காரர் கேட்டதுதான் கூலி. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியபோது, காசிமேட்டு மீன் வியாபாரிக்கும் எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நம்பரை மாற்றாமலே போய்ச்சேர பி.எஸ்.என்.எல். என்ற வேறொரு பாதை இருந்தது. நாடெங்கும் லட்சக்கணக்கானோர் அந்தப் பாதையில் போனார்கள்.

ஆகையால், கோபுரமோ கண்ணாடியிழைக் கேபிளோ நிலமோ, எதைக் கைமாற்றுவதானாலும், அதன் விலையும் நிபந்தனையும் முன்கூட்டியே பார்லிமெண்டின் முன் வைக்கப்படவேண்டும்; அதுவரை ஏலங்கள் நிறுத்தப்படவேண்டும். படியிறங்கிப்போனவர்களின் இடத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளை நிரந்தர வேலைக்கு எடுத்து, ஓய்வுபெற்ற லைன்மேன்கள் உடலில் தெம்போடு இருக்கும்போதே, அவர்களைக் கொண்டு தொழில் பழக்கவேண்டும்.