சிவகாசிக்கும் அடையாறுக்கும் எவ்வளவு தூரம்?

1923-ம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் மாண்டார். அக்காள் டாக்டர்தான், ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரமே சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வித்து ஆயிற்று. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி தொடங்கியது. சிகிச்சையோடு ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது.

சிவகாசியில் இருந்து அடையாறுக்கு 500 கிலோ மீட்டருக்கு மேல். பட்டாசுத் தொழிலில் பல பெண்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அன்று அடுப்பு எரிவது எப்படி? ஆகவே உதிரப்போக்கு கண்டாலும் வாய் திறப்பது இல்லை. கூச்சம் வேறு! வலி பொறுக்காமல் வரும்போது நோய் முற்றி விடுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மெல்ல வளர்வது. முன்னதாகக் கண்டால் குணப்படுத்தலாம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார்கள். 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகர் போன்ற திரவத்தைத் தடவிப் பார்த்தார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் சோதனை! முடிவு 2007-ல் வெளியாயிற்று. சோதனை நடந்த கிராமங்களில் இந்த நோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தூரம் குறைந்தது, கூலிக் கவலை குறையவில்லை. நர்சு ஊருக்கே வரவேண்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். அப்போது சோதனை வைத்தால் யாருக்கும் கூலி போகாது.